நிறுத்தச் சொல்லும் வேலை

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் காஜாக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சட்டைத் தொழிற்சாலையில் காஜா மெஷினில் உட்கார்ந்திருந்தவள். துணியைத் தள்ள வேண்டும், மிதியை அழுத்த வேண்டும், கத்தி இறங்கி பொத்தான் நுழைய வாய் விழும். மறுபடி துணியைத் தள்ள வேண்டும். "இதுல யோசிக்க என்ன இருக்கு? எங்க வீட்டுக்காரர் வேலைதான் யோசிச்சு செய்யற வேலை" என்று பக்கத்து மெஷின்காரிகளிடம் சொல்லுவாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை தட்டும். அவர்கள் கண்ணடித்துக்கொள்வார்கள்.

வீட்டுக்காரருக்கு மைக்ரான் என்று பட்டப்பெயர்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவர் வேலையின் அளவு. பழைய எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் சிலிண்டர் ஹோனிங் அவர் பொறுப்பு. வருஷக்கணக்காக ஓடிய எஞ்சினில் பிஸ்டன் உரசி உரசிச் சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்து கோணலாகியிருக்கும். போரிங்காரர் அதைக் கடைந்து ஒரு சுற்று பெரிதாக்குவார். கடைசியில் ஒரு தலைமுடி கனத்துக்கு மட்டும் இரும்பை மிச்சம் வைத்து இவரிடம் தள்ளிவிடுவார். அந்த மிச்சத்தை எடுப்பதுதான் ஹோனிங். சாணைக்கற்கள் பதித்த தண்டு சிலிண்டருக்குள் சுழலும். அதைச் சீராக மேலும் கீழும் ஏற்றி இறக்க வேண்டும். எண்ணெய் விடாமல் வழிய வேண்டும். முடிந்த பிறகு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், வலை விரித்தது மாதிரி குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். எண்ணெய் தங்குவது அந்தக் கோடுகளில்தான். சுவர் கண்ணாடிபோல் வழவழவென்று ஆகிவிட்டாலும் எஞ்சின் உருப்படாது, ஆழமாகக் கீறிவிட்டாலும் எண்ணெயைக் குடித்துத் தீர்த்துவிடும்.

ஆனால் இதெல்லாம் பழகினால் வந்துவிடும். கஷ்டம் எங்கே நிறுத்துவது என்பதில்தான். கொஞ்சம் கூடிப்போனாலும் பிஸ்டன் உள்ளே லொடலொடவென்று ஆடும். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க யாராலும் முடியாது.

அதனால்தானோ என்னவோ, அவர் எதையும் அளந்து பார்க்காமல் வாய் திறக்கமாட்டார். ஒருநாள் டீக்கடைக்காரர் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டதற்கு அவர் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி யோசிக்க, பக்கத்தில் நின்ற பட்டறை ஃபிட்டர் பொறுமையிழந்து, "ரெண்டு மைக்ரான் கம்மியாம், இன்னொரு தடவை ஆத்திக் குடுங்கண்ணே" என்றான். கடையே சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். அவளே ஒருதரம் யாரிடமோ, "மைக்ரான் இன்னும் வீட்டுக்கு வரல" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிள்ளை என்று ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். மாடியில் ஒரு அறையும் சமையலுக்கு ஒரு தடுப்புமாக வாடகை வீடு. இவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பெரிய ஆசைகள் இல்லை. பெரிய சண்டைகளும் இல்லை.

முதலில் கெட்டது ஒரு மினி பஸ்ஸின் பிளாக், சிலிண்டர்கள் குடைந்த எஞ்சினின் இரும்புக் கட்டி. ஃபிட்டர் பிஸ்டனை உள்ளே விட்டுப் பார்த்தபோது அது கிணற்றில் வாளி இறங்குவது மாதிரி இறங்கியது. எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். மைக்ரான் கையிலா? அவர் கற்களைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்லு சரியில்ல. புதுக் கல்லுல ஏதோ கோளாறு" என்றார். முதலாளி அதை ஏற்றுக்கொண்டார். நல்லவர், தன்னோடு சேர்ந்து அந்தப் பட்டறையைத் தொடங்கியவர் மாதிரி மைக்ரான்மேல் மரியாதை வைத்திருந்தார். அடுத்த அளவுக்குக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு, பஸ்ஸை அனுப்பினார்கள்.

இரண்டாவது பிளாக் கெட்டபோது மைக்ரான் போரிங்காரர்மேல் பாய்ந்தார். "நீ மிச்சமே வைக்காம கடைஞ்சு குடுத்துட்டு என் தலையில கட்டறியா?" என்று கேட்ட கேட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுப் பழகிய மனுஷன் அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பட்டறையில் நடந்தது அவளுக்குத் தெரியாது. ஆனால் வீட்டிலும் சில்லறையாக ஏதேதோ நடந்துகொண்டிருந்தது. வேறு யாருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தையோ எடுத்துக்கொண்டு வந்தார். குளித்துவிட்டு வந்து துண்டைக் கொடியில் போட்டவர், திரும்பவும் குளிக்கப் போனார். "இப்பதானே குளிச்சீங்க?" என்றதற்கு, "யாரு, நானா? கிண்டலா?" என்றார். அவள் சிரித்துவிட்டாள். வயசானால் எல்லாருக்கும் வருகிற மறதிதானே என்று நினைத்தாள். அவருக்கு அப்படியொன்றும் வயசாகவில்லை என்பதை நினைக்க மனசு இடம் கொடுக்கவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம், அவர்கள் எப்போதோ காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டில் இப்போது குடியிருக்கும் பெண் போன் செய்தாள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் இங்க வந்து கதவைத் தட்டறார். சாவியைப் போட்டுத் திறக்கப் பார்த்தார். நான் திறந்ததும், நீ யாரு, என் வீட்டுல என்ன பண்றேன்னு கேக்கறார். பயமா இருக்குக்கா, கொஞ்சம் வாங்களேன்."

அவள் போனபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்தை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பூட்டை மாத்திட்டியா? சொல்லவே இல்லையே" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. நிதானமாகப் பேசினாள். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "ஒரு கடிகாரம் வரைஞ்சு காட்டுங்க" என்றாள். அவர் பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டார். டாக்டரம்மாவே, "அடேயப்பா, காம்பஸ் வச்ச மாதிரி இருக்கே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எண்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒன்றிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒரு பக்கமாகக் குவித்துவிட்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் தாளைக் கவிழ்த்து வைத்து, "இதெல்லாம் சின்னப் பசங்க வேலைம்மா" என்று சொல்லிவிட்டார். நெற்றி வேர்த்திருந்தது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள். அதற்கு மட்டும் தங்குதடையில்லாமல் சொன்னார். கல் எப்படிப் பொருத்துவது, எண்ணெய் எவ்வளவு விடுவது, சூடு ஆறாமல் ஏன் அளக்கக்கூடாது, முடிந்ததும் சோப்புத் தண்ணீர் போட்டு எத்தனை தேய் தேய்த்தால் வெள்ளைத்துணியில் கரி ஒட்டாது என்பதுவரை. மனைவிக்கு உயிர் வந்தது. "பாருங்க டாக்டர், ஒண்ணுகூட மறக்கல" என்றாள்.

டாக்டரம்மா அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் சொன்னாள்: "பழைய வேலை கையில ரொம்ப நாள் இருக்கும்மா. எப்படிச் செய்யறதுன்னு தெரியும். செஞ்சு முடிச்சோமா இல்லையாங்கறதுதான் தெரியாது. அது இனிமே கூடிக்கிட்டேதான் போகும். குறையாது. மாத்திரை கொடுக்கறேன். ஆனா மாத்திரையை நம்பி இருக்காதீங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "நல்ல பொண்ணு. ஹோனிங்கைப் பத்தி எவ்வளவு ஆர்வமாக் கேட்டுச்சு பாரேன்" என்றார். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் வாந்தி வருகிறது போலிருக்கிறது என்று இடம் விட்டு நகர்ந்தார்கள்.

மறுநாள் அவளாகவே பட்டறைக்குப் போனாள். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பிளாக் கெட்ட கதையை அப்போதுதான் சொன்னார்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? அவரை நிறுத்த எனக்கு மனசு வரல. வச்சுக்கிட்டு வேலை வாங்கவும் தைரியம் வரல."

"நிறுத்தாதீங்கண்ணே. வீட்டுல உக்காந்தா ஒரே மாசத்துல ஆள் போயிடுவார். நான் வந்து பக்கத்துல நிக்கறேன். எப்ப நிறுத்தணும்னு நான் சொல்றேன்."

"உனக்கு என்னம்மா தெரியும் அதைப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. கத்துக்கறேன்."

சட்டைத் தொழிற்சாலையில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இத்தனை வருஷம் உட்கார்ந்த ஸ்டூல். அடுத்த நாளே அதில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று தெரியும். அதற்கெல்லாம் வருத்தப்பட நேரமில்லை.

பட்டறையில் முதல் வாரம் அவளுக்குத் தலைவலிதான் மிச்சம். காது அடைத்தது. எண்ணெய் வாடை சாப்பாட்டில் ஏறியது. போர் கேஜ் என்று ஒரு கருவி. நீளக் காம்பு, தலையில் கடிகார முகம். அதைச் சிலிண்டருக்குள் விட்டு மெல்ல ஆட்டினால் முள் ஓடித் திரும்பும். அது திரும்புகிற இடம்தான் அளவு. மேலே, நடுவே, கீழே, பிறகு அதையே குறுக்கு வாட்டில். ஃபிட்டர்தான் சொல்லிக்கொடுத்தான். முதல்தடவை அவள் எல்லாம் முடிந்துவிட்டது என்று கையைக் காட்ட, அவன் வந்து பிளாக்கைத் தொட்டுவிட்டு, "அக்கா, இது இட்டலிப்பானை மாதிரி கொதிக்குது. சூட்டுல இரும்பு வீங்கும். ஆறினப்புறம் பாருங்க, உங்க அளவு எங்க போகுதுன்னு" என்றான். பார்த்தாள். போய்விட்டிருந்தது. "பரவால்ல, நீங்க இன்னிலேர்ந்து அரை மைக்ரான்" என்றான். அவளும் சிரித்தாள். பட்டறையில் அவள் சிரித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முடிந்த சிலிண்டரின் வாயில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். கோடு போட்டதை அவர் தொடக்கூடாது. அவர் தண்டை ஏற்றி இறக்குகிறபோது பக்கத்தில் நின்று, "போதுங்க" என்பாள். அவர் நிறுத்துவார். எண்ணெயைத் துடைத்து அளந்து பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம்" என்பாள். அவர் மறுபடி தொடங்குவார். ஆரம்பத்தில் முறைத்தார். "நீ யாருடி எனக்குச் சொல்ல? கேஜைக் கிழக்கால பிடிச்சா மேற்கால பாக்கறே" என்று பட்டறையே கேட்கும்படி கத்தினார். பிறகு பழகிக்கொண்டார். சில நாட்கள் அவர் கையின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஏறி இறங்கும் தண்டு, கூடவே தோள், வழிகிற எண்ணெய். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் செய்தும் அவர் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. இந்த மனுஷனை இந்தக் கோலத்தில் முன்பே ஒருநாள் வந்து பார்த்திருக்கலாமே என்று தோன்றும்.

ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு பிளாக்கும் கெடவில்லை. போரிங்காரர்கூட ஒருநாள் தன் பங்கு வடையில் பாதியைப் பிய்த்து அவர் கையில் வைத்தார். மகள் போனில், "பரவாயில்லம்மா, அப்பா தேறிட்டார் போல" என்றாள். "ஆமா" என்றாள் இவள். நம்பித்தான் சொன்னாள்.

வெயில் தொடங்கிய ஒரு காலையில் அவர் ஃபிட்டரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காதோடு கேட்டார். "யாருப்பா அந்தம்மா? எந்நேரமும் என் முதுகுக்குப் பின்னாலயே நிக்குது. முதலாளி வேவு பாக்க வச்சிருக்காரா?"

ஃபிட்டர் திகைத்துப் போய், "அண்ணே, அண்ணிண்ணே அது" என்றான்.

"எந்த அண்ணி?"

அவன் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினான். சாயங்காலம் வீட்டில் அவர் பேசியதைக் கேட்டபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் அவளை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். பட்டறையில் நிற்கிற பெண்ணும் வீட்டில் இருக்கிற பெண்ணும் அவருக்கு இரண்டு பேர். வீட்டுக்குப் போனதும் அவளிடமே புகார் சொல்லுவார். "அங்க ஒருத்தி வந்து சேந்திருக்கா. ஒண்ணும் தெரியாது. போதும் போதும்னு ஒரே நச்சரிப்பு. என் வேலையைப் பிடுங்கப் பாக்கறா." அவள் சோறு போட்டபடி, "அப்படியா? போனாப் போறா, விடுங்க" என்பாள்.

அந்த லாரி பிளாக் வந்தது அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே பலமுறை கடையப்பட்ட பழைய எஞ்சின். இதற்கு மேல் பிஸ்டன் அளவும் கிடையாது, உள்ளே லைனர் என்னும் புது இரும்புக் குழாயைச் செருகலாம் என்றால் அதைத் தாங்கச் சுவரும் கிடையாது. கடைசித் தடவை. லாரிக்காரர் முதலாளியிடம் பத்திரம் என்று பலதரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் அன்றைக்கு அவள் வழக்கத்தைவிட நெருங்கி நின்றாள். ஆறு சிலிண்டரும் நல்லபடியாக முடிந்தன. ஆறவைத்து அளந்தாள். ஃபிட்டரும் அளந்தான். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி, பிளாக்கை மூடி வைத்தார்கள். ஃபிட்டர் பிஸ்டன் வாங்கிவரக் கடைக்குப் போனான். அவள் கை கழுவ எதிர்ச் சந்தில் இருந்த குழாய்க்குப் போனாள். குழாயில் கூட்டம். அங்கே பழைய காஜாக்காரி ஒருத்தியைப் பார்த்தாள். "நல்லா இருக்கியா? எங்க காணவே காணோம்?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மனுஷி முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. நேரம் போனது தெரியாமல் நின்று பேசிவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

திரும்பி வரும்போதே மெஷின் சத்தம் கேட்டது. அது எந்தச் சத்தம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஓடினாள்.

அவர் கடைசிச் சிலிண்டரில் இருந்தார். எண்ணெய் சொட்டச் சொட்ட, தோளும் தண்டும் ஒன்றாக, ஒரு தப்பும் இல்லாத ஓட்டம். மற்ற ஐந்தும் முடிந்திருந்தன. கழுவும்போது சுண்ணாம்புக் கோடு அழிந்துபோயிருந்ததை அவள் திரும்பப் போட மறந்திருந்தாள்.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!"

சுவிட்சை அவளே அணைத்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். வேலையின் நடுவில் யாராவது கையைத் தட்டிவிட்டால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. "அஞ்சு முடிச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். உள்ளே கோடுகள் அவ்வளவு அழகாக விழுந்திருந்தன. அவள் கேஜை விட்டுப் பார்த்தாள். முள் எங்கேயோ போய் நின்றது. கேஜைத் தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி பார்த்தாள்.

சாயங்காலம் லாரிக்காரர் வந்தார். சண்டை போடுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் பிளாக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு எண்ணெய்த் தரையில், வேட்டி பாழாவதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பா ஓட்டின வண்டி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

முதலாளி மைக்ரானைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவளும் வாசலில் நின்றாள். மைக்ரான் முந்திக்கொண்டார். "நானே சொல்லணும்னு இருந்தேன். இந்தம்மா வந்ததுலேர்ந்துதான் இங்க வேலை கெட்டுப்போச்சு. என்னையும் இவங்களையும் வச்சு ஒரே மெஷின்ல வேலை வாங்காதீங்க. ஒண்ணு நான் இருக்கேன், இல்ல அவங்க இருக்கட்டும்."

முதலாளியின் கண் கலங்கியது. "சரி மைக்ரான். நீங்க கொஞ்ச நாள் ஓய்வா இருங்க" என்றார். பிறகு அவளிடம், குரலைத் தாழ்த்தி, "நீ நாளைக்கு வாம்மா. மெஷினை நீயே ஓட்டு. இத்தனை நாள் பாத்தாச்சு, உனக்கு வரும். நீயும் வேலையில்லாம நின்னா உங்க ரெண்டு பேர் வயிறும் என்ன ஆகும்?" என்றார்.

முதலாளி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது, வீட்டுக்காரர் அவளைப் பற்றிச் சொன்ன புகார் ஒவ்வொன்றும் உண்மையாகிவிட்டதே என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அங்கே ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவர் வேலையைப் பிடுங்கிக்கொண்டாள்.

மெஷின் அவளுக்கு வந்தது. முதல் சிலிண்டரில் கோடுகள் படுத்துக் கிடந்தன. கையை வேகமாக ஏற்றி இறக்கவேண்டும் என்று புரிந்தது. இரண்டு வாரத்தில் ஃபிட்டர் ஒன்றும் சொல்லாமல் பிஸ்டனை எடுத்துக் கோக்க ஆரம்பித்தான். "அக்கா, நீங்க அரை இல்ல, முழு மைக்ரான்" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன்க்கா" என்று விலகிப் போனான்.

வீட்டில் அவரை என்ன செய்வது? முதலில் கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த அம்மா நல்லவள்தான், ஆனால் அவளுக்கும் கால்வலி. படியேறி எத்தனை தடவை வருவாள்? அவர் வெளியே இறங்கிவிட்டார். ஒருநாள் பெரிய சாலையில் வண்டிகளுக்கு நடுவே நின்றவரை யாரோ பிடித்து வந்தார்கள். இன்னொருநாள் வேறொரு பட்டறைக்குள் நுழைந்து மெஷினில் கை வைக்கப் போய், அடிக்காத குறையாக வெளியே தள்ளியிருந்தார்கள். சட்டைக் கை கிழிந்திருந்தது. அன்றைக்கு அவள் ஒரு பூட்டு வாங்கினாள். வாங்கி இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் பூட்டிவிட்டுப் போனாள். குடிக்கத் தண்ணீர், மூடிவைத்த சாப்பாடு, அடுப்பை அணைத்து கேஸ் சிலிண்டரை வெளியே வைத்தாயிற்று. படியிறங்கும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதுவே அவளுக்குத் திருட்டுத்தனம் செய்தது போலிருந்தது.

இப்படிச் சில வாரங்கள் ஓடின. சாயங்காலம் பட்டறையிலேயே கை கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்து திறக்கும்போது சிலநாள் சாப்பிட்டிருப்பார், சிலநாள் தட்டு அப்படியே இருக்கும். சிலநாள் அறையின் மூலை ஈரமாக இருக்கும். துடைத்துவிடுவாள். "எங்க போயிட்டே?" என்று கேட்பார். "கடைக்கு" என்பாள். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், கையில் தண்டு சுழன்றுகொண்டிருக்கையில் ஃபிட்டர் ஓடிவந்து மெஷினை அணைத்தான். "அக்கா, வீட்டுக்குப் போங்க. கீழ்வீட்டு அம்மா போன் பண்ணாங்க."

தெருமுனையிலிருந்தே கூட்டம் தெரிந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு அழுதிருக்கிறார். யாரோ தன்னை அடைத்து வைத்துவிட்டார்கள், வேலைக்குப் போகவேண்டும், மனைவி தேடுவாள் என்று. யாரோ இரும்புக்கம்பி கொண்டுவந்து பூட்டை உடைத்திருந்தார்கள். அவர் படிக்கட்டின் கீழே உட்கார்ந்திருந்தார். கம்பியை உலுக்கி உலுக்கி உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. யாரோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மனுஷனை மாடு மாதிரி அடைச்சுட்டுப் போறியே, நெஞ்சுல ஈரம் இல்லையா உனக்கு?" என்று முன்பின் தெரியாத ஒருவர் அவளைக் கேட்டார்.

"இவ சம்பாதிக்கப் போயிட்டா. அவர் கிடந்து சாகறார்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

கீழ்வீட்டு அம்மா மட்டும், "தெரியாமப் பேசாதீங்க" என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் குனிந்து, "என்னங்க, வாங்க, மேல போலாம்" என்று கையை நீட்டினாள்.

அவர் அவளைப் பார்த்தார். எண்ணெய்க்கறை படிந்த சேலை. கரி அப்பிய விரல்கள். சட்டென்று எழுந்து கீழ்வீட்டு அம்மாவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். "இந்தம்மாதான். இந்தம்மாதான் பூட்டினது" என்றார். குழந்தை மாதிரி அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பூட்டியது அவள்தான். அன்றைக்கு அவள் கை கழுவி, வேறு சேலை மாற்றி, தலைவாரி வந்த பிறகுதான் அவர் மேலே ஏறினார். "வந்துட்டியா? இங்க ஒரு பொம்பள..." என்று தொடங்கினார். அவள் அவர் உள்ளங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

மகள் அந்த வாரமே வந்தாள். அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் உடைந்த பூட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை இவள் கவனித்தாள். "அப்பா என்கூட வரட்டும்மா. வீட்டுல மாமியார் இருக்காங்க, பிள்ளைங்க இருக்காங்க. யாராவது ஒரு ஆள் எப்பவும் இருப்பாங்க."

"நானும் வரேன்" என்று சொல்லத் தோன்றியது. மகள் அதைச் சொல்வாளா என்று கொஞ்சம் காத்திருந்தாள். மகள் வீடு எத்தனை சின்னது என்று அவளுக்குத் தெரியும். மகள் சொல்லவில்லை; கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். இவளும் உட்கார்ந்து மடித்தாள்.

பஸ் ஏறும்போது அவர் சந்தோஷமாக இருந்தார். மகளைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் சீட்டு கிடைத்ததில் ஏக மகிழ்ச்சி. அவள் கீழே நின்று ஜன்னலைத் தட்டி, "உடம்பைப் பாத்துக்கங்க" என்றாள். அவர் தெரியாதவர்களுக்குச் சொல்வது போல மரியாதையாகத் தலையசைத்தார். பஸ் கிளம்பியபோது திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

அவள் தினமும் வேலைக்குப் போனாள். பிளாக்குகள் வந்தன. ஹோனிங்குக்கு நல்ல கை என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை யாராவது அவள் காதுபடச் சொன்னால் அங்கிருந்து எழுந்து போய்விடுவாள். வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் திறப்பாள். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் தாழ்ப்பாளை மெதுவாகத்தான் நகர்த்துவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்வாள். அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், பேத்தியோடு விளையாடுகிறார் என்பாள். பிறகு போனை அவர் காதில் வைப்பாள். அவள் இங்கிருந்து, "நான்தாங்க பேசறேன். நல்லா இருக்கீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பாள்.

"நல்லா இருக்கேங்க. நீங்க எப்படி இருக்கீங்க?" என்பார். எவ்வளவு அழகான மரியாதை! கல்யாணமான முதல் வாரத்தில்கூட அவளை அவர் நீங்க என்று சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "சரிங்க, வச்சிடறேன்" என்றார். வைக்கத் தெரியவில்லை. போன் அவர் கையிலேயே இருந்தது. அங்கே மின்விசிறி ஓடுவதும் குழந்தை ஓடுவதும் இவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவர் குரல், சற்று தள்ளி:

"யாரும்மா அது?"

மகள் எத்தனை தடவை சொல்லி அலுத்திருப்பாளோ. அம்மா என்று சொன்னால் அவர் தன் அம்மாவைத் தேடி அழத் தொடங்கிவிடுகிறார் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தாள்.

"தெரிஞ்சவங்கப்பா" என்றாள் மகள்.

"ஓ. நல்ல மாதிரிப் பேசறாங்க" என்றார் அவர்.

இவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அங்கே யாரோ வந்து அணைக்கும்வரை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.